நெல்லையில் எந்தப் பக்கம் குடியேறலாம்? நாலு பகுதிகள், நடுவில் ஓர் ஆறு

என் தங்கை குடும்பம் பெங்களூரை விட்டு ஊருக்கே வருவதென்று முடிவு செய்தது. மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை கிடைத்திருந்தது. மகள் எட்டாம் வகுப்பு. கூடவே மாப்பிள்ளையின் அம்மா, எங்களுக்கு அத்தை. முழங்கால் வலியால் அவர்களால் மாடி ஏற முடியாது. "அண்ணே, நீதான அங்கயே இருக்க. எந்தப் பக்கம் நல்லாருக்கும்னு பாத்துச் சொல்லு. முதல்ல வாடகைக்கு இருப்போம், பிடிச்சுப்போச்சுன்னா அங்கயே இடம் வாங்கிக்கிடுவோம்" என்று தங்கை போனில் சொன்னாள்.

நான் பிறந்தது முதல் டவுன்காரன், அதாவது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கிற பழைய ஊர்க்காரன். யோசிக்காமல் "டவுனுக்கு வா" என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் போய் நிற்கப்போகிற இடம். அதனால் இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகவும் போனேன். நாலு பகுதிகளை எடுத்துக்கொண்டேன்: டவுன், தச்சநல்லூர், பாளையங்கோட்டைக்குத் தெற்கே பெருமாள்புரம் முதல் தியாகராஜநகர் வரை, அப்புறம் கே.டி.சி. நகர். மேலப்பாளையம் இந்தப் பட்டியலில் முதலில் இல்லை. ஏன் இல்லை, பிறகு ஏன் சேர்த்தேன் என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கு. நம் மாநகராட்சி 1994-இல் உருவானது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்ற மூன்று நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் ஒன்றாக்கினார்கள். இன்றும் நாலு மண்டலங்கள் அந்தப் பழைய ஊர்களின் பெயரில்தான் இருக்கின்றன. 55 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 4,73,637 பேர், 1,20,466 குடும்பங்கள். வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு 69 பேர் இந்துக்கள், 20 பேர் முஸ்லிம்கள், 10 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள்.

இந்த எண்களைக் கையாளும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். படிப்பறிவு விகிதம் 81.49 என்று ஓர் இடத்தில் பார்த்தேன், 90-க்கு மேல் என்று இன்னோர் இடத்தில் பார்த்தேன். எது பொய் என்று குழம்பினேன். இரண்டுமே சரிதான். ஆறு வயது வரையுள்ள 46,624 குழந்தைகளையும் சேர்த்து வகுத்தால் முதல் எண் வரும், அவர்களை விட்டுவிட்டு வகுத்தால் இரண்டாவது வரும். இரண்டு வார்டுகளை ஒப்பிடும்போது ஒன்றுக்கு ஒரு முறை, மற்றதுக்கு வேறு முறை என்று எடுத்துவிட்டால் ஒன்பது புள்ளி வித்தியாசம் சும்மாவே முளைத்துவிடும்.

அடர்த்தியும் அப்படித்தான். 108.65 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 4,360 பேர். ஆனால் அந்த எல்லைக்குள் நெல் வயல்களும் குளங்களும் ஆறும் இருக்கின்றன. டவுன் மேலரத வீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நடந்து பார்த்தவனுக்கு 4,360 என்ற எண் ஒன்றுமே சொல்லாது.

இன்னொரு சிக்கல், இதெல்லாம் 2011-இன் கணக்கு. 2021-இல் எடுத்திருக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்தது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். இடையில் 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் வார்டு எல்லைகளையும் மாற்றிவிட்டார்கள். பழைய கணக்கில் இருக்கிற வார்டு எண்ணை இன்றைய வார்டு என்று நினைத்துப் படித்தால் வேறு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் வார்டு வாரியான அட்டவணையில் நான் மூன்று பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். குழந்தைகள் விகிதம் ஒன்று. இது மாநகராட்சி முழுவதற்கும் நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் கீழே. இதைவிட ரொம்பக் குறைந்தால் அது வயதானவர்கள் அதிகம் இருக்கிற பகுதி, மகளுக்குத் தெருவில் கூட்டாளி கிடைப்பது கஷ்டம். இரண்டாவது, சொந்த வீடா வாடகையா என்ற விகிதம். மூன்றாவது, வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் இருக்கிறதா என்பது. இந்த மூன்றும் பதினைந்து வருடத்தில் மாறியிருக்கும் என்றாலும், ஒரு பகுதியின் எலும்பு எப்படிப்பட்டது என்று காட்டும்.

அட்டவணையில் இல்லாத ஒரு பத்தி இருக்கிறது. அதுதான் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது: தரை எவ்வளவு உயரம்?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போய், போனும் போய், திங்கட்கிழமை காலையில் பார்த்தால் தாமிரபரணி கரை என்ற ஒன்றே தெரியவில்லை. ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, உடையார்பட்டி, அக்கரையில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், அங்கிருக்கிற கலெக்டர் ஆபீஸ் எல்லாம் தண்ணீருக்குள். வேய்ந்தான்குளத்துப் புதிய பஸ் நிலையத்திலும் தண்ணீர். என் சித்தி பாளையில், அதாவது பாளையங்கோட்டையில், தனியாக இருந்தார்கள். டவுனிலிருந்து அங்கே ஏழெட்டு கிலோமீட்டர்தான். அன்றைக்கு என்னால் போக முடியவில்லை. 1843-இல் சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம் அசையாமல் நின்றது, ஆனால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் போகிற சாலை தண்ணீரில் கிடந்தது.

அந்த நாள் எனக்கு இரண்டு விஷயத்தைக் காட்டியது. ஒன்று, வெள்ளம் வந்தால் இந்த மாநகரம் ஒரே ஊர் இல்லை, இரண்டு ஊர். டவுன், ஜங்ஷன், தச்சநல்லூர், பேட்டை ஆற்றுக்கு இந்தப் பக்கம். பாளை, மேலப்பாளையம், பெருமாள்புரம், கே.டி.சி. நகர் அந்தப் பக்கம். பிள்ளை ஒரு கரையில் படித்து, வீடு இன்னொரு கரையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முன்னோர்கள் வைத்த பெயரே ஒரு கணக்கெடுப்பு. சிந்துபூந்துறை, கருப்பந்துறை, குறுக்குத்துறை என்று துறையில் முடிகிறதா? ஆறு அங்கே வரும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, பெருவெள்ளம் வந்தால் முங்கும். அதை எல்லோரும் தெரிந்தே கும்பிடுகிறார்கள். வேய்ந்தான்குளம், கொக்கிரகுளம் என்று குளத்தில் முடிகிறதா? தண்ணீருக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். அப்புறம் பாளையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற இடத்துக்கு என்ன பெயர்? ஹைகிரவுண்டு. வெள்ளைக்காரன் காலத்திலேயே மேடு என்று கண்டுகொண்டு வைத்த பெயர். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் யாரிடம் கேட்டாலும் எது மேடு எது பள்ளம் என்று தெருவாரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிட நல்ல தரவு எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

சரி, இப்போது டவுன். சொந்த ஊர் என்பதால் கூடுதல் கண்டிப்போடு பார்த்தேன். அத்தைக்கு இங்கே வந்தால் சந்தோஷம். காலையில் நெல்லையப்பர் கோயில், ஆனித் தேரை வாசலிலேயே பார்க்கலாம், காய்கறிக்கு நயினார்குளம் மார்க்கெட், துணிமணி நகை எல்லாம் நடந்து போகிற தூரம். வாகையடி முக்கில் நின்றால் எந்த ஊர் பஸ்ஸும் கிடைக்கும். ஆட்டோ தேவைப்படாத வாழ்க்கை. வயதானவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நெல்லையில் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் வீடுகள்? பழைய வளவு வீடுகள் அகலம் குறைந்து நீளமாகப் போகும், இரண்டு பக்கமும் பொதுச்சுவர், வெளிச்சம் முற்றத்திலிருந்துதான். சில வளவுகளில் இன்றும் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. புதுப்பித்த வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, அத்தையால் ஏற முடியாது. கார் தெருவுக்குள் போகாது. வாங்கலாம் என்றால் இன்னொரு தலைவலி. நான் பார்த்த மூன்று வீடுகளில் இரண்டு, அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காமல் வைத்திருக்கிற பூர்வீகச் சொத்து. கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் மும்பையில், ஒருவர் துபாயில். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்க்காமல் டவுனில் முன்பணம் கொடுக்கவே கூடாது. நயினார்குளம் நிரம்பினால் அதை ஒட்டிய தெருக்களுக்கும் நிம்மதி இல்லை. மனது டவுனில் இருந்தாலும் டவுனைத் தள்ளிவைத்தேன்.

தச்சநல்லூர் மாப்பிள்ளைக்கு வசதி. மதுரை ரோட்டில் வண்டியை எடுத்தால் தாழையூத்து தாண்டிக் கங்கைகொண்டான், நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். ஜங்ஷன் ரயில் நிலையம் பக்கத்தில். மனை விலையும் வாடகையும் பாளையைவிடக் குறைவு. ஆனால் மகள் படிக்க நினைக்கிற பள்ளிகள் எல்லாம் அந்தக் கரையில். தினமும் ஜங்ஷன் நெரிசல், ஆற்றுப்பாலம் என்று இரண்டையும் தாண்டி அனுப்ப வேண்டும். வயலை மனையாக்கிய இடங்களில் ரோட்டைவிடத் தரை தாழ்ந்து கிடப்பதையும் கண்ணால் பார்த்தேன். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் கோடையில் தீப்பிடித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர்கள் பாடு திண்டாட்டம். அத்தைக்கு இளைப்பும் உண்டு. வேலைக்குப் போகிற ஒருவர் மட்டும் என்றால் தச்சநல்லூரைத்தான் சொல்லியிருப்பேன். நாலு பேர் என்றால் கணக்கு மாறுகிறது.

பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு கட்டிக் குடியேறிய பகுதி என்பது தெருக்களின் அமைப்பிலேயே தெரியும். நேர் கோட்டில் தெரு, வீட்டைச் சுற்றி நாலடி இடம், வாசலில் ஒரு வேம்பு. மகாராஜநகரில் உழவர் சந்தை இருக்கிறது. தூய சவேரியார் கல்லூரி 1923-இலிருந்து, மருத்துவக் கல்லூரி 1965-இலிருந்து. அவற்றைச் சுற்றிப் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், மருந்துக் கடைகள் என்று ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த வசதி இங்கே கைக்கெட்டும் தூரத்தில். அத்தைக்கு நடுராத்திரி முடியாமல் போனால் ஹைகிரவுண்டு போக ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. இதற்கு நான் நிறைய மதிப்பெண் கொடுத்தேன். தசராவுக்குப் பாளை அம்மன்கள் சப்பரத்தில் வரிசையாக வந்து நிற்பதை அத்தை பார்க்கட்டும், டவுன் தேருக்கு அது ஈடு இல்லை என்றாலும் குறைவும் இல்லை.

குறை என்றால் விலை. நாலு பகுதிகளில் இதுதான் அதிகம். நல்ல தெருவில் காலி மனையே அபூர்வம், பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். மாப்பிள்ளை கங்கைகொண்டானுக்கு ரெட்டியார்பட்டி பக்கம் போய் நாலுவழிச்சாலை பிடிக்கலாம், கொஞ்சம் சுற்று. குலவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கம் வேலை இருந்தால் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கே.டி.சி. நகர், கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரைத் தாங்கிய பகுதி. தூத்துக்குடி ரோடும் நாலுவழிச்சாலையும் குறுக்கிடுகிற இடம். இங்கிருந்து ஊருக்குள் வராமலே கங்கைகொண்டான் போய்விடலாம், வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் நேர் வழி. பெரிய மனை, புது வீடு, கார் நிறுத்த இடம், பெருமாள்புரத்தைவிடக் குறைந்த விலை. மாப்பிள்ளைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

இங்கேதான் எண்கள் கைவிடும். சில பகுதிகள் மாநகராட்சிக்குள், சில ஊராட்சியில். ஒரே ரோட்டின் இரண்டு பக்கம் நிற்கிற இரண்டு வீடுகளுக்கு வரியும் குடிநீரும் குப்பை வண்டியும் வேறு வேறு. 2011 கணக்கில் காலி நிலமாக இருந்த இடத்தில் இன்று நூறு வீடு. அதனால் வார்டு அட்டவணையை மூடிவைத்துவிட்டு, கதவைத் தட்டித்தான் கேட்டேன். "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது அண்ணாச்சி?" ஒரு தெருவில் ஒரு பதில், அடுத்த தெருவில் வேறு பதில். போர் தண்ணீர் சில வீடுகளில் குடிக்கலாம் போல இருக்கிறது, சில வீடுகளில் குளித்தால் முடி பிசுக்குப் பிடிக்கிறது.

மனை வாங்குகிறவர்கள் இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது அங்கீகாரம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. அடுத்த வருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முந்தையவற்றுக்கு. எனக்குக் காட்டிய ஒரு மனையில் "அப்ரூவல் வந்திரும் சார்" என்றே தரகர் மூன்று தடவை சொன்னார். வரட்டும், வந்தபிறகு பேசுவோம் என்று எழுந்து வந்துவிட்டேன். பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. சந்தை விலை அது அல்ல, ஆனால் இரண்டு தெருக்களை ஒப்பிட உதவும். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023-இலிருந்து 2 சதவீதம். அந்த 9 சதவீதத்தை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவைக்க வேண்டும். நிறையப் பேர் மனை விலையை மட்டும் நினைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் கடன் தேடுகிறார்கள்.

இப்போது மேலப்பாளையம். என் நண்பன் ஒருவன் அந்த ஊர்க்காரன். "நாலு ஏரியா பாத்தேங்க, எங்க ஊரு மட்டும் கண்ணுக்குத் தெரியலயா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை, வெட்கமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். தறியும் பீடியும் வளர்த்த ஊர். கணக்கெடுப்பில் வீட்டுத்தொழில் என்று ஒரு பத்தி இருக்கும், வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் வருவது அதில்தான். மாநகராட்சி முழுவதும் ஆயிரம் ஆண்களுக்கு 1,027 பெண்கள் என்ற எண்ணுக்குப் பின்னால், வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஆண்கள் இங்கே எண்ணப்படுவதில்லை என்பதும் ஒரு காரணம். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் சுற்று மாவட்டமே வரும். பாளையங்கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது, அதைச் சாக்கடையாக்கிவிட்டது மொத்த ஊரின் குற்றம். வீடுகள் நெருக்கம், வாடகை குறைவு, பாளையின் பள்ளிகள் பக்கத்திலேயே, நடுவில் ஆறு கிடையாது.

அதே நண்பனுக்கு ஒரு தடவை பாளையில் வாடகை வீடு பேசி முடிந்து, பெயரைச் சொன்னதும் "வீட்டை விடுற ஐடியா இல்ல" என்று போனை வைத்துவிட்டார்கள். என்னிடமும் இரண்டு வீட்டுக்காரர்கள் சுற்றி வளைத்து "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். ஊரைக் கேட்கவில்லை, சாதியைத்தான் கேட்டார்கள். வார்டு அட்டவணையில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற பத்தியும் உண்டு. அரசு நலத்திட்டத்துக்காக எண்ணிய எண் அது. அதைப் பார்த்து "இந்த வார்டு வேண்டாம்" என்று தள்ளுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தியையும் மத விகிதத்தையும் நான் தங்கைக்கு அனுப்பிய தாளில் சேர்க்கவில்லை. யார் பக்கத்து வீடு என்பதை வைத்து வீடு தேடுவது அநியாயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் முதலில் கற்றுக்கொடுப்பது அதுவாக இருக்கக் கூடாது.

தங்கைக்கு நான் எழுதியது இதுதான்: பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருக்கிற கரையில் இரு. தியாகராஜநகர் பக்கம் தரைத்தளமாகப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு எடு. கே.டி.சி. நகரில் மாப்பிள்ளைக்குப் பிடித்த இரண்டு மனைகளையும் மறந்துவிடாதே, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதே. மேலப்பாளையத்தில் பாளையை ஒட்டிய தெருக்களில் தனி வீடு கிடைத்தால் அதையும் பார். நண்பன் கூட வருவான்.

வைகாசியில் குடிவந்தார்கள். தரகர் வாரம் ஒரு தடவை போன் செய்து, "விலை ஏறிட்டே போகுது, இப்பவே முடிச்சிருங்க" என்று மாப்பிள்ளையை அவசரப்படுத்தினார். தங்கை அசையவில்லை.

கார்த்திகையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தது. பெருவெள்ளம் எல்லாம் இல்லை, சாதாரண மழைதான். மூன்றாம் நாள் காலையில் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, கே.டி.சி. நகர்ல நிக்கேன். அந்த முதல் மனைல முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கு. தவளை கத்துது."

"ரெண்டாவது?"

"அது ரோட்டுக்கு மேல ரெண்டடி உசரம்லா. காஞ்சு கெடக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி காப்பி குடிச்சிட்டுப் போன்னு கூப்பிடுதாங்க. தொண்ணூத்திரண்டுலயும் இங்க தண்ணி ஏறலயாம்."

"அப்ரூவல் காப்பியை வாங்கிட்டு வா, சாயங்காலம் உக்காந்து பாப்போம்" என்றேன்.